கடல் கடந்து மருத்துவம் கற்கப் புறப்படுமுன்

நெய்வேலி, பழுப்பு நிலக்கரியால் உயிர் பெற்ற ஊர். 1956-ஆம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தோன்றி, பலாவும் முந்திரியும் செழித்திருந்த செம்மண் பூமியில் நேர்நேரான சாலைகளும் எண்ணிட்ட வட்டங்களும் எழுந்தபோது, பற்பல மாவட்டங்களிலிருந்து உழைப்பை நம்பி வந்த குடும்பங்கள் இங்குக் குடியேறின. அவற்றுள் நம் கத்தோலிக்கக் குடும்பங்களும் பல. முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியோடு எழுப்பப்பெற்று, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் ஆற்றல் வாய்ந்த அந்நிலையம் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2020-இல் ஓய்வு கொண்டது. அன்று ரஷ்யப் பொறியாளர் நம் ஊரை நாடி வந்தனர். இன்று நம் பிள்ளைகள் மருத்துவம் கற்க அவர்கள் நாட்டை நாடிச் செல்கின்றனர். ரஷ்யா மட்டுமன்று, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், சீனம், பிலிப்பைன்ஸ், வங்காளதேசம் எனப் பட்டியல் நீள்கிறது.

நீட் தேர்வின் முடிவு வெளியாகும் ஜூன் திங்களில், நகரியத்தின் பல வீடுகளில் ஒரே பேச்சு எழுகிறது. பிள்ளை தேர்வில் தகுதி பெற்றுவிட்டது. ஆனால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. தனியார் கல்லூரிக்குப் பணம் இல்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாமா? தாய் ஒன்று எண்ணுவார். தந்தை ஒன்று எண்ணுவார். உறவினர் ஒன்பது எண்ணுவர். இதற்குள் முகவர் ஒருவரும் வண்ணத் துண்டறிக்கையோடு வாயிலில் வந்து நிற்பார்.

இக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற நாம் துணியவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் நிலைமை வேறுபடும். எனினும், கோபுரம் கட்ட விரும்புவோன் முதற்கண் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென நம் ஆண்டவர் உவமையால் உணர்த்தினாரன்றோ? அந்தக் கணக்கை நம் வாசகக் குடும்பங்களோடு சேர்ந்து போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடுக்கமான வாயில்

வெளிநாட்டை நாடுவோரைப் பேராசை பிடித்தோர் என எளிதில் பழித்துவிடலாகாது. உள்நாட்டு வாயில் உண்மையிலேயே இடுக்கமானது. 2025-ஆம் ஆண்டில் நீட் தேர்வை எழுதியோர் 22 லட்சம் பேர். தகுதி பெற்றோர் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாடு முழுவதிலும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியவை. அவற்றிலும் ஏறக்குறையப் பாதி தனியார் கல்லூரிகளைச் சார்ந்தவை. ஆக, தகுதி பெற்றவர்களுள் பத்தில் ஒருவருக்கே இடம் உண்டு என்பது கணக்கு.

தமிழகத்தில் 2007 முதல் 2016 வரை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே மருத்துவச் சேர்க்கைக்கு அளவுகோலாக இருந்தது. 2017-இல் நீட் தேர்வு இங்கும் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளி மாணவர் பின்தங்கியதைக் கண்ட மாநில அரசு, 2020-இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. இது போற்றத்தக்க செயலே. ஆயினும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பயிலும் ஏழைப் பிள்ளைகள் அந்த ஒதுக்கீட்டில் சேரார். நம் திருச்சபை நடத்தும் பள்ளிகள் பல இவ்வகையைச் சார்ந்தவை என்பதால், இச்செய்தி நம் குடும்பங்களை நேரே தொடுகிறது.

சிறுபான்மையினர் கல்லூரிகள் உள்ளனவே என்று சிலர் வினவலாம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், இந்திய ஆயர் பேரவை 1963-இல் பெங்களூரில் தொடங்கிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியும் தலைசிறந்தவை. கட்டணமும் ஒப்புநோக்கக் குறைவு. ஆனால் அவற்றுக்கும் நீட் தேர்வு பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது. அங்கே இடம்பெற மிக உயர்ந்த மதிப்பெண் வேண்டும்.

கட்டணத்தை நோக்கினால் ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவாகும். அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல். இந்நிலையில், ஆறாண்டுப் படிப்பு முழுவதையும் முப்பது லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஒருவர் வந்து கூறினால், சுரங்கத்தில் உழைக்கும் தந்தையின் செவிக்கு அது இன்பமாகவே ஒலிக்கும்.

முன்னே நடந்த இருவர்

தன் நாட்டில் வாயில் மூடியிருக்க, பிற நாடு சென்று மருத்துவம் கற்பது புதிய செயலும் அன்று. இழிவான செயலும் அன்று. நம் திருச்சபை வரலாற்றிலேயே இதற்குச் சீரிய சான்றுகள் உண்டு.

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோவில் 1837-இல் பிறந்த ஆக்னஸ் மெக்லாரன் அம்மையார் மருத்துவராக விரும்பினார். அக்காலத்தில் அவர் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தர மறுத்தன. ஆதலின் அவர் பிரான்சு நாட்டின் மோன்பெலியே பல்கலைக்கழகம் சென்று, அயல்மொழியில் கற்று, 1878-இல் பட்டம் பெற்றார். அதனோடு முடிந்துவிடவில்லை. தாய்நாட்டில் தொழில் நடத்தும் உரிமை பெற, அயர்லாந்தின் தப்ளின் மாநகரில் இன்னொரு தேர்வும் எழுத வேண்டியிருந்தது. அதையும் எழுதி வென்றார். பின்னர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, தம் முதிய வயதில், அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை அமையக் காரணராயிருந்தார்.

அவர்தம் அழைப்பைக் கேட்டு முன்வந்தவர் ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல். இந்தியாவில் பெண் மருத்துவர் இன்றித் தாய்மாரும் குழந்தைகளும் மடிவதை அறிந்த அந்த இளம்பெண், மருத்துவராகி இங்கு வர உறுதி பூண்டார். எங்கே படிப்பது என்ற வினா எழுந்தது. தம் ஊருக்கு அருகே எது உள்ளது, எது எளிது, எது மலிவு என்று அவர் தேடவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவில் எந்தப் பட்டம் செல்லும் என்றே முதலில் விசாரித்தார். பிரிட்டிஷ் சட்டத்துக்கு உட்பட்ட பட்டமே செல்லும் என அறிந்து, ஆங்கிலம் கற்று, அயர்லாந்தின் கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் உலகப் போர் மூண்டு, பகை நாட்டவராகக் கருதப்பட்ட நிலையிலும் கல்வியைக் கைவிடாமல் 1919-இல் பட்டம் பெற்று, 1920-இல் ராவல்பிண்டி வந்து சேர்ந்தார். 1925-இல் அவர் நிறுவிய மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபை, நம் நாட்டில் பல மருத்துவமனைகளைத் தோற்றுவித்தது.

இவ்விருவர் வாழ்விலும் நம் பெற்றோருக்கு ஒரு பாடம் உண்டு. எங்கே போய்ப் படிப்பது என்பது இரண்டாவது கேள்வி. எங்கே திரும்பி வந்து பணி செய்யப்போகிறோம், அங்கே இப்பட்டம் செல்லுமா என்பதே முதற் கேள்வி. இவ்வரிசையைத் தலைகீழாக்கிய குடும்பங்களே பெரிதும் இடர்ப்படுகின்றன.

திரும்பும் வழியில் ஒரு தேர்வு

வெளிநாட்டில் பட்டம் பெற்ற இந்தியர் இங்கு மருத்துவராகப் பதிவு பெறத் தகுதித் தேர்வொன்றில் வெற்றி பெற வேண்டும் என்ற விதி 2002-இல் நடைமுறைக்கு வந்தது. எஃப்.எம்.ஜி.இ. எனப் பலரும் குறிப்பிடும் இத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. 300 வினாக்கள், 150 மதிப்பெண் பெற்றால் வெற்றி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை. கேட்பதற்கு எளிதாகவே தோன்றும்.

முடிவுகளை நோக்கினால் உண்மை விளங்கும். 2015 முதல் 2018 வரை நான்கு ஆண்டுகளில் இத்தேர்வை எழுதியோர் 61,708 பேர். வென்றோர் 8,764 பேர். அதாவது நூற்றுக்கு 14 பேர். 2025 ஜூன் தேர்விலும் நூற்றுக்கு 19 பேர்கூடத் தேறவில்லை. தவறியவர் மீண்டும் மீண்டும் எழுதுவதால், தேர்வெழுதுவோர் தொகை பெருகித் தேர்ச்சி விகிதம் குறைந்து தோன்றுகிறது என்பதையும் நாம் நேர்மையுடன் சொல்ல வேண்டும். பலமுறை முயன்று கடைசியில் வென்றவர் பலர். எனினும் பட்டச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, பெயருக்கு முன் மருத்துவர் என்று போட்டுக்கொள்ளும் உரிமையின்றி, பயிற்சி நிலையங்களில் ஆண்டுகளைக் கழிக்கும் இளைஞர் எண்ணிக்கை சிறிதன்று.

இதற்குக் காரணங்கள் யாவை? முதலாவது, புறப்படும்போதே உள்ள அடித்தளம். 2025-இல் நீட் தேர்வில் பொதுப் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. வெளிநாட்டுக் கல்லூரியில் சேர இத்தகுதி ஒன்றே போதும். இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் வலுவாக அமையாத மாணவருக்குக் கல்லூரி கிடைத்துவிடும். ஆனால் அந்த வலுவின்மை பெட்டியோடு சேர்ந்து விமானம் ஏறிவிடும். இங்கே தவிர்த்துவிட்டதாக எண்ணிய தேர்வு, ஆறாண்டு கழித்து வேறு பெயரில் எதிரே வந்து நிற்கும்.

இரண்டாவது, நோயாளியின் மொழி. வகுப்பறையில் ஆங்கிலம் நடக்கலாம். நோயாளியின் கட்டிலருகே ரஷ்ய மொழியோ, ஜார்ஜிய மொழியோ, சீன மொழியோதான் நடக்கும். எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று கேட்டறியாத மாணவர், மருத்துவத்தின் உயிர்நாடியான படுக்கையருகுக் கல்வியை இழந்துவிடுகிறார். மூன்றாவது, நோய்களின் வேறுபாடு. பாம்புக்கடியும் டெங்குவும் நம் ஊர் மருத்துவமனையில் அடிக்கடி காணப்படுபவை. பனி படர்ந்த நாடுகளில் அவை அரியவை. நம் நாட்டுத் தேர்வோ நம் நாட்டு நோய்களைக் குறித்தே கேட்கும்.

இத்தனைக்கும் நடுவே வென்றோர் எவ்வாறு வென்றனர்? முதலாண்டிலிருந்தே நம் நாட்டுப் பாடநூல்களைக் கூடவே படித்தவர்களும், அந்நாட்டு மொழியை முயன்று கற்றவர்களும், விடுமுறையில் ஊர் வந்தபோது நூல்களை மூடி வைக்காதவர்களுமே வெல்வர். ஆறாம் ஆண்டு முடிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோர் கலங்குவர்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டியவை

2020 செப்டம்பரில் பழைய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாகத் தேசிய மருத்துவ ஆணையம் அமைந்தது. அவ்வாணையம் 2021 நவம்பர் 18-ஆம் நாள் வெளியிட்ட விதிகள், அதற்குப் பின் வெளிநாட்டில் சேர்ந்த ஒவ்வொரு மாணவரையும் கட்டுப்படுத்துபவை. அவற்றைத் தாய் தந்தையர் இருவரும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடைபெற வேண்டும். இரண்டாவது, அதே கல்லூரியில் மேலும் 12 மாதங்கள் மருத்துவமனைப் பயிற்சி பெற வேண்டும். மூன்றாவது, முழுப் படிப்பும் ஒரே நிறுவனத்தில் முடிய வேண்டும். இடையில் கல்லூரி மாறலாகாது. நான்காவது, பட்டம் தரும் நாட்டில், அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாகத் தொழில் நடத்தும் பதிவுரிமை கிடைக்கத்தக்க பட்டமாக அது இருக்க வேண்டும். ஐந்தாவது, இந்தியா திரும்பியபின் தகுதித் தேர்வில் வென்று, இன்னொரு 12 மாதங்கள் இங்கும் பயிற்சி பெற வேண்டும். ஆறாவது, சேர்ந்த நாளிலிருந்து பத்தாண்டுக்குள் யாவும் முடிவுற வேண்டும்.

இவ்விதிகளின் எடையை உணர ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பிலிப்பைன்ஸ் கத்தோலிக்க நாடு, ஞாயிறு திருப்பலிக்குக் குறைவில்லை, ஆங்கிலமும் புழங்கும். ஆதலின் நம் குடும்பங்கள் சில அந்நாட்டை விரும்பின. ஆனால் அங்கே முதலில் ஓர் அறிவியல் பட்டம், அதன்பின் நான்காண்டு மருத்துவப் பட்டம் என்ற அமைப்பு வழக்கிலுள்ளது. நான்காண்டு என்பது 48 மாதங்கள். விதி கேட்பதோ 54. இக்கணக்கை அறியாமல் சேர்ந்தோர் பெருங் கவலைக்கு ஆளாயினர். நாடு நல்ல நாடாக இருக்கலாம். கல்லூரியும் நல்ல கல்லூரியாக இருக்கலாம். எனினும் நம் விதிக்குப் பொருந்தாவிடில் பயனில்லை.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். தேசிய மருத்துவ ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை; அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் என்று பட்டியலும் வெளியிடுவதில்லை. ஆகவே, ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றது என்று எந்தத் துண்டறிக்கை முழங்கினாலும், அவ்விடத்திலேயே ஐயம் கொள்க. விதிக்குப் பொருந்துகிறதா எனப் பார்க்கும் பொறுப்பு மாணவர் மேலும் பெற்றோர் மேலுமே சுமத்தப்பட்டுள்ளது.

முகவர் எல்லாரும் வஞ்சகர் என்பது நம் கருத்தன்று. ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு மாணவருக்கும் தரகு பெறுபவர், சேர வேண்டாம் என்று அறிவுரை கூறுவார் என எதிர்பார்க்கலாகாது. ஆதலின் அவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா? மாணவர் நோயாளியைத் தொட்டுப் பார்க்க அனுமதி உண்டா? சென்ற ஆண்டுகளில் அங்கிருந்து திரும்பிய தமிழக மாணவர் எத்தனை பேர் தகுதித் தேர்வில் வென்றனர்? அவர்களுள் இருவரையேனும் நாங்கள் நேரில் கண்டு பேசலாமா? கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கிலேயே நேரே செலுத்த இயலுமா? இவற்றுக்கு எழுத்தில் விடை தராதவரிடம் கைப்பணத்தை ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது. மேலும், அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகம் மாணவர்க்கென வெளியிடும் அறிவிப்புகளையும் படித்தறிதல் இன்றியமையாதது.

எதிர்பாராத இடர்கள்

நம் கணக்கில் அடங்காத இடர்களும் உண்டு. 2020-இன் தொடக்கத்தில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது சீனத்திலிருந்து ஊர் திரும்பிய இந்திய மாணவர், 2022 ஆகஸ்டு வரை அங்கு மீள இயலாமல் தவித்தனர். மருத்துவத்தை வீட்டிலிருந்தபடி கைப்பேசியில் கற்க முடியுமா? இறுதியாண்டில் இவ்வாறு திரும்பி வந்தோர், விட்டுப்போன செயல்முறைக் கல்விக்கு ஈடாக இந்தியாவில் இரண்டாண்டுப் பயிற்சி பெற வேண்டுமென ஆணையம் விதித்தது.

2022 பிப்ரவரி 24-ஆம் நாள் உக்ரைன் நாட்டில் போர் மூண்டது. ஏறத்தாழ 18 ஆயிரம் இந்திய மாணவர், தமிழகப் பிள்ளைகள் பலர் உள்ளிட்டு, குண்டு மழைக்கிடையே எல்லை கடந்து திரும்பினர். கார்கிவ் நகரில் கர்நாடக மாணவர் ஒருவர் உணவு வாங்க வரிசையில் நின்றபோது உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. திரும்பியோரை இந்தியக் கல்லூரிகளில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என அரசு கூறிவிட்டது. பின்னர், வேறு நாட்டுக் கல்லூரியில் படிப்பைத் தொடர 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. இறுதியாண்டினர்க்கு இங்கேயே தேர்வெழுத ஒருமுறைச் சலுகையும் 2023-இல் வழங்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அப்பிள்ளைகளும் பெற்றோரும் பட்ட வேதனை சொல்லி மாளாது. போர் வரும், நோய் வரும் என்றெண்ணி எவரும் வாழ்வை முடக்கிவிட முடியாதுதான். ஆயினும் நாட்டைத் தேரும்போது அமைதியும் ஒரு தகுதி என்பதை மறவாதீர்.

சேமிப்புப் பணமும் சொந்த வீடும்

நெய்வேலிக் குடும்பத்துக்கு உரிய தனிக் கணக்கு ஒன்று உண்டு. அதை வெளியூரார் எளிதில் அறியார். நகரியத்தில் நாம் வாழும் வீடு நிறுவனத்தின் வீடு. 60 வயதில் பணி ஓய்வு. அதன்பின் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கைக்கு வரும்போது, வடலூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ பூர்வீக ஊரிலோ சிறு வீடொன்று கட்டிக்கொள்ளலாம் என்பதே தந்தையின் கனவு.

இப்போது ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். பிள்ளை 18 வயதில் புறப்படுகிறது. 54 மாதங்களும் 12 மாதங்களும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு. பல நாடுகளில் ஆறாண்டு. தகுதித் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய ஓராண்டு. இந்தியப் பயிற்சி ஓராண்டு. எல்லாம் தடையின்றி நடந்தாலும் பதிவு பெறும்போது வயது 26. புறப்படும்போது தந்தைக்கு 52 என்றால், அப்போது அவருக்கு 60. முதல் ஊதியம் மகனுக்கோ மகளுக்கோ வருமுன்னே தந்தையின் ஊதியம் நின்றுவிடும். முதுநிலைப் படிப்புக்கு மேலும் மூன்றாண்டு வேண்டும். அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு.

கட்டணம் டாலரில் என்பதையும் மறத்தலாகாது. 2014-இல் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 61 ரூபாய்; 2024-இல் ஏறத்தாழ 84 ரூபாய். 5,000 டாலர் கட்டணம் அன்று மூன்று லட்சம்; கட்டணம் ஒரு காசும் உயராமலே பின்னாளில் நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும். விமானச் செலவு, விடுதி, உணவு, குளிர் உடை, திரும்பிய பின் பயிற்சி நிலையக் கட்டணம் ஆகியவை துண்டறிக்கையில் அச்சாவதில்லை. வங்கிக் கடனை நாடினாலோ, ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பர். சொந்த வீடே இல்லாதவர் எதைப் பிணையாக வைப்பார்?

நிரந்தரப் பணியாளர் ஒருவரால் சுமக்கக்கூடிய இப்பாரத்தை, ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் வட்டிக் கடன் வாங்கிச் சுமக்க முற்பட்டால் குடும்பமே நொறுங்கிவிடக்கூடும். மற்றப் பிள்ளைகளின் படிப்பும் தங்கையின் திருமணமும் அதே பணப்பையிலிருந்தே வர வேண்டும். ஆதலின் நாம் கூறும் அறிவுரை எளியது: குடும்பம் தலைசாய்க்கும் கூரைக்கென வைத்த பணத்தைத் தொடாமல் அனுப்ப முடியுமாயின் எண்ணிப் பாருங்கள், முடியாதாயின் வேறு வழி தேடுங்கள்.

பிள்ளையின் உள்ளம்

பணத்தைவிட அருமையானது பிள்ளை. மருத்துவராக விரும்புவது பிள்ளையா, பெற்றோரா? இவ்வினாவைத் தனியே, அன்போடு, அச்சுறுத்தாமல் கேட்க வேண்டும். உறவினர் மகன் மருத்துவரானான், நம் மகளும் ஆக வேண்டும் என்ற போட்டி மனப்பான்மை அழைத்தலன்று. குருதியைக் கண்டு கலங்காமை, இரவு விழிப்பைப் பொறுத்தல், நோயாளியின் சினத்தைச் சகித்தல் ஆகிய பண்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க, சில நாள் ஒரு மருத்துவமனையில் தொண்டாற்றச் செய்வது நல்ல சோதனை.

நம் கடலூர் மாவட்டத்துக்கு அண்டை மாவட்டமாகிய அரியலூரில், குழுமூர் என்னும் ஊரின் ஏழை மாணவி அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 மதிப்பெண் பெற்றும், மருத்துவ இடம் கிட்டாத துயரில் 2017 செப்டம்பர் முதல் நாள் உயிர்நீத்ததை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. கல்வி முறையின் நியாயம் பற்றிய வழக்கு ஒருபுறம் நிற்க. நம் இல்லங்களில் ஒவ்வொரு பிள்ளையும் ஐயத்துக்கிடமின்றி அறிந்திருக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு: நீ மருத்துவரானாலும் ஆகாவிட்டாலும் இவ்வீட்டின் செல்வம் நீயே. இதைப் பெற்றோர் வாயால் சொல்ல வேண்டும். தேர்வு முடிவு வெளிவருமுன்பே சொல்ல வேண்டும்.

நோயுற்றோர்க்குப் பணிபுரிய எம்.பி.பி.எஸ். ஒன்றே வழியன்று. செவிலியர் பட்டம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் யாவும் மதிப்பும் வருவாயும் உடையவை. மருத்துவமே என்று உறுதி கொண்ட பிள்ளை ஓராண்டு காத்திருந்து மீண்டும் நீட் எழுதலாம். சென்ற தலைமுறைக்கு இல்லாத வாய்ப்பும் இன்று அருகிலேயே உள்ளது. விழுப்புரத்தில் 2010-இலும், கள்ளக்குறிச்சியிலும் அரியலூரிலும் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பெற்றன. சிதம்பரத்திலிருந்த பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியும் இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. ஓராண்டுக் காத்திருப்பு, எட்டாண்டுப் பாரத்தைவிட இலேசானது.

அவ்வாறின்றி அனுப்புவதே என முடிவு செய்தால், உடலோடு உள்ளத்தையும் ஆயத்தம் செய்யுங்கள். குளிரும் தனிமையும் புதிய நாட்டின் கட்டற்ற வாழ்வும் 18 வயது இளைஞரைச் சோதிக்கும். பல நகரங்களில் கத்தோலிக்க ஆலயம் தொலைவிலிருக்கும். சிலவற்றில் இல்லாமலும் இருக்கும். தன்னந்தனியே செபிக்கவும், தன் சோற்றைத் தானே சமைக்கவும், தோல்வியை மறைக்காமல் வீட்டில் சொல்லவும் பழகிய பிள்ளையே தாக்குப்பிடிக்கும். அரியர் விழுந்ததை அஞ்சி மறைத்து, பெற்றோரும் கேளாமல் பணம் அனுப்பிக்கொண்டிருந்தால், ஆறாண்டு கழித்து இருவரும் அழ நேரிடும்.

பங்குச் சமூகம் செய்யத்தக்கது

இம்முடிவை ஒவ்வொரு குடும்பமும் தன்னந்தனியே, நான்கு சுவர்க்குள் எடுக்க வேண்டியதில்லை. நம் பங்குகளிலும் சுற்றுப்பங்குகளிலும் வெளிநாட்டில் கற்றுத் தகுதித் தேர்வில் வென்று பணியாற்றும் இளம் மருத்துவர் இருப்பாராயின், அவர்களை அழைத்து, ஞாயிறு திருப்பலிக்குப் பின் பெற்றோர் கூட்டமொன்று நடத்தலாம். இன்னும் வெல்லாதோரையும் அன்போடு அழைக்க வேண்டும். அவர்கள் கூறும் உண்மை எந்தத் துண்டறிக்கையிலும் கிடைக்காது. அவர்களை ஏளனமாகப் பார்க்கும் வழக்கத்தை நாம் விட்டொழித்தாலன்றி அவர்கள் வாய் திறவார். அன்பியக் கூட்டங்களில் ஏழை மாணவர்க்கு நூல்களும் பயிற்சிக் கட்டணமும் திரட்டித் தருவதும் நற்செயலே. பத்தாம் வகுப்பிலேயே அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளை இனங்கண்டு, அவர்களுக்கு மாலை வகுப்பு நடத்த, ஓய்வுபெற்ற ஆசிரியர்க்கும் பொறியாளர்க்கும் நம் நகரியத்தில் பஞ்சமில்லை.

மருத்துவரை மதித்துப் போற்றுமாறு சீராக்கின் ஞானநூல் கற்பிக்கிறது. நற்செய்தியாளராகிய புனித லூக்காவும் மருத்துவரே. அவர் ஆசியும் நம் செபமும் துணைநிற்க, நம் பங்குகளிலிருந்து நல்ல மருத்துவர் பலர் தோன்ற வேண்டும் என்பதே நம் ஆவல். அவர்கள் சிதம்பரத்தில் கற்றாலும் மாஸ்கோவில் கற்றாலும் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் பயணச் சீட்டு எடுக்குமுன், தாயும் தந்தையும் பிள்ளையும் ஒரு மாலை ஒன்றாக அமர்ந்து, ஒரு தாளை எடுத்து, திரும்பி வரும் நாளிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கை எழுதிப் பார்க்கட்டும். அக்கணக்கு நேர்ப்பட்டால் துணிந்து அனுப்புங்கள். நேர்ப்படாவிடில் துணிந்து மறுத்துவிடுங்கள். இரண்டுமே அன்பின் செயல்தான்.